ஏற்காட்டுக் கம்ப்யூட்டரில் ஓயாத நீலத்திரை, ராம் கோளாறா?

தோட்டத்து காபிக் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர், 8 ஜிபி ராம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகப் பட்டை) இரண்டு. ஒரு மாதமாக நாளுக்கு மூன்று நான்கு தடவை விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு பிழை. சேலத்தில் ஒரு கடையில் விண்டோஸை இரண்டு முறை மாற்றிப் போட்டதுதான் மிச்சம். மறுபடி இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கத் தெம்பில்லை.

சேலத்தான்: பிழை மாறிக்கொண்டே இருந்தால் முதலில் ராமைத்தான் சந்தேகப்பட வேண்டும். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளை பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் கோளாறுதான். பயாஸில் (விண்டோஸுக்கு முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதி, போட்டிருந்தால் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

மலைக்காரன்: அதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்றி, தங்க நிறப் பற்களை அழி ரப்பரால் மெதுவாகத் தேய்த்து மாட்டிப் பாருங்கள், நம்ம ஊர்ப் பனி ஈரத்துக்கு எனக்கு அதிலேயே சரியாகிவிட்டது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

கேட்டவர்: தேய்த்தும் பயனில்லை. ஒரு ராம் எந்த ஸ்லாட்டில் போட்டாலும் பிழை காட்டுகிறது, மற்றது சுத்தம். அதை மட்டும் வைத்து மூன்று நாளாக ஓடுகிறது.

சேலத்தான்: சரி, ஸ்லாட் தப்பித்தது. வாரன்டி இருக்கிறதா பாருங்கள். இந்த ஒரு மாதக் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள், கெட்ட ராம் சேமித்த ஃபைலையும் கெடுத்திருக்கலாம்.