ஒரே செக்குக்கு இரண்டு தடவை பணம் போயிருக்கிறது, வழி சொல்லுங்கள்

நியூ ஜெர்சியில் இருப்பவர்களுக்கு ஒரு கேள்வி. மின்கட்டணத்துக்கு அம்மா செக் எழுதித் தபாலில்தான் அனுப்புவார். அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல எனக்கும் மனசில்லை. இந்த மாதம் 142 டாலர் இரண்டு தடவை கழிந்திருக்கிறது. ஒன்றில் செக்கின் படம் இருக்கிறது. இன்னொன்றில் அதே செக் எண், ஆனால் ஏசிஹெச் (வங்கிகளுக்கிடையே மின்னணு முறையில் பணம் மாற்றும் வழி) என்று போட்டிருக்கிறது, படம் இல்லை. மின்சாரக் கம்பெனி முன்கூட்டியே அறிவித்துவிட்டு செக்கை மின்னணுப் பற்றாக, அதாவது கணக்கிலிருந்து நேரடியாகக் கழிப்பதாக, மாற்றிக்கொள்ளலாம், சரி. பில்லின் பின்பக்கம் பொடி எழுத்தில் அந்த அறிவிப்பும் இருக்கிறது. மாற்றிய பிறகு அதே செக்கை வங்கியிலும் போடுவது எந்த நியாயம்?

ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் சொன்னால் வங்கி விசாரித்தாக வேண்டும். கவுன்டரிலோ "கம்பெனியிடமே கேளுங்கள்" என்கிறார்கள். இப்படிப் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? என்னென்ன இணைத்தீர்கள்? அப்புறம், இனி எங்கள் செக்கை மின்னணுப் பற்றாக மாற்றாதீர்கள் என்று கம்பெனிக்குப் போனில் சொன்னால் போதுமா, கடிதம் எழுத வேண்டுமா?