ஏகபோகத்தைத் தடுக்க வந்த ஷெர்மன் சட்டம் தொழிலாளர் மீது பாய்ந்தது ஏன்?

கேள்வி:
கல்லூரி மாணவர்களுக்கு அமெரிக்கத் தொழில்மயமாக்கலைப் பற்றிப் பாடம் எடுத்து வருகிறேன். பெரு நிறுவனங்களின் ஏகபோகத்தை உடைக்க 1890இல் ஷெர்மன் சட்டம் இயற்றப்பட்டது என்று சொல்லிவிட்டு, நான்கே ஆண்டுகளில் அதே சட்டத்தைக் காட்டி ரயில்வே வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது என்று சொல்லும்போது அவர்கள் குழம்பிவிடுகிறார்கள். நீதிமன்றம் பணக்காரர் பக்கம் சாய்ந்தது என்று ஒரே வரியில் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இதை எப்படி விளக்கலாம்?

மறுமொழி 1:
ஷெர்மன் சட்டத்தை ‘டிரஸ்ட்’ எதிர்ப்புச் சட்டம் என்பார்கள்; முதலில் அந்தச் சொல்லைத் தெளிவுபடுத்துங்கள். ‘டிரஸ்ட்’ என்றதும் நம் மாணவர்களுக்கு அறக்கட்டளைதான் நினைவுக்கு வரும். ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய நிறுவனங்களின் பங்குகளைச் சில அறங்காவலர்களிடம் ஒப்படைத்து, எல்லாவற்றையும் ஒரே கையில் நடத்தும் உத்திக்கு அங்கே அந்தப் பெயர் வழங்கியது. ராக்ஃபெல்லரின் எண்ணெய் நிறுவனமான ஸ்டாண்டர்ட் ஆயில் 1882இல் இவ்வாறு அமைந்தது.

அடுத்து, சட்டத்தின் வாசகம். மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்துக்குத் தடையாக அமையும் எந்தக் கூட்டும் குற்றம் என்றது அது. முதலாளிகளின் கூட்டா, தொழிலாளர்களின் கூட்டா என்று பிரித்துச் சொல்லவில்லை. 1895இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய இரு தீர்ப்புகளை அருகருகே வைத்துக் காட்டுங்கள். நாட்டின் சர்க்கரைச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 98 விழுக்காட்டைக் கைப்பற்றிய நிறுவனத்தின் வழக்கில், உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று கூறி அரசின் கோரிக்கை தள்ளுபடி செய்யப்பட்டது. 1894 வேலைநிறுத்தத்துக்கு எதிரான நீதிமன்றத் தடையாணையை மீறிய ரயில் தொழிலாளர் தலைவர் யூஜின் டெப்ஸ் வழக்கிலோ சிறைத் தண்டனை உறுதியானது. அவரைத் தண்டித்த கீழ் நீதிமன்றம் ஷெர்மன் சட்டத்தைச் சார்ந்து நின்றது. உச்ச நீதிமன்றம் அதை விட்டுவிட்டு, வணிகத்தையும் அஞ்சலையும் காக்கும் மத்திய அரசின் அதிகாரத்தையே அடிப்படையாகக் கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரியே. ஆனால் நான் உழவர்களிடமிருந்து தொடங்குவேன். ஊருக்கு ஒரே இருப்புப்பாதை இருந்த இடத்தில், நெடுந்தொலைவுக்கான சரக்குக் கட்டணத்தைவிடக் குறுந்தொலைவுக்கான கட்டணம் கூடுதலாக இருப்பதுண்டு. தானியத்தை வேறு வழியில் அனுப்ப உழவருக்கு வழியே கிடையாது. அவர்கள் சங்கமாகத் திரண்டு மாநிலச் சட்டங்களைப் பெற்றார்கள். தானியக் கிடங்குகளின் கட்டணத்துக்கு இல்லினாய் மாநிலம் விதித்த உச்சவரம்பை 1877இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றது. ஆனால் மாநில எல்லையைத் தாண்டும் ரயில் கட்டணத்தில் மாநிலங்கள் தலையிட முடியாது என்று 1886இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளிக்கவே, மறு ஆண்டே மத்திய அரசு மாநிலங்களிடை வணிக ஆணையத்தை அமைக்க நேர்ந்தது.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான் என்று கருதுகிறேன். ரயில்வேயைக் கட்டுப்படுத்த உழவர்கள் போராடி வாஷிங்டனுக்குக் கொண்டு சேர்த்த ‘மாநிலங்களிடை வணிகம்’ என்ற அதிகாரமே, 1894இல் ரயிலை நிறுத்திய தொழிலாளர் மீது திரும்பியது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. உழவர் போராட்டத்தையும் தொழிலாளர் போராட்டத்தையும் இதுவரை தனித்தனி அலகுகளாகவே நடத்தி வந்தேன். 1894ஆம் ஆண்டின் அந்த ரயில்வே வேலைநிறுத்தத்தை, அதாவது புல்மன் வேலைநிறுத்தத்தை, எவ்வளவு விரிவாகச் சொல்லலாம்?

மறுமொழி 3:
வீட்டு வாடகையைக் கட்டாயம் சொல்லுங்கள். சிகாகோ அருகே, ரயில் பெட்டிகள் செய்த புல்மன் நிறுவனம் தன் தொழிலாளர்களுக்காக எழுப்பிய ஊரில் வீடுகளும் நிறுவனத்துக்கே சொந்தம். 1893ஆம் ஆண்டு பொருளாதார நெருக்கடிக்குப் பின் கூலியைக் குறைத்த நிர்வாகம் வாடகையைக் குறைக்கவில்லை. கூலியையும் வாடகையையும் ஒரே முதலாளி தீர்மானிக்கும்போது தொழிலாளியின் நிலை என்னவாகும் என்பது மாணவர்களுக்கு உடனே விளங்கிவிடும். இவர்களுக்கு ஆதரவாக ரயில் தொழிலாளர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, இல்லினாய் ஆளுநர் ஆல்ட்கெல்டின் எதிர்ப்பையும் மீறி குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து படையை அனுப்பினார். வேலைநிறுத்தத்துக்கு எதிரான தடையாணைக்கு முயற்சி எடுத்த, மத்திய அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் ஓல்னி, அதற்கு முன் ரயில்வே நிறுவனங்களின் வழக்கறிஞராக இருந்தவர். ஆகவே நீங்கள் தவிர்க்க நினைக்கும் அந்த ஒரு வரியிலும் ஓரளவு உண்மை இருக்கிறது.

பாடத்தை 1895உடன் நிறுத்திவிடாதீர்கள். மனிதரின் உழைப்பு விற்பனைப் பண்டம் அன்று என்று 1914ஆம் ஆண்டின் கிளேட்டன் சட்டம் அறிவித்த பிறகும், 1921இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதுகாப்பைக் குறுக்கியது. தொழிலாளர் தகராறுகளில் மத்திய நீதிமன்றங்கள் தடையாணை பிறப்பிப்பதைக் கடுமையாக வரையறுத்த நாரிஸ்-லகார்டியா சட்டம் 1932இல்தான் வந்தது.