வீட்டு வாசலில் இன்ஜின் இறக்குவது: அனுபவப் பகிர்வு

சீலிங் ஃபேன் கொக்கியில் செயின் பிளாக் (சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் கப்பி) மாட்டலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: கூடாது. ஜீப், டாடா 407 மினி லாரி வகை வண்டிகளின் டீசல் இன்ஜின் கியர்பாக்ஸோடு சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டிவிடும். 1 டன் செயின் பிளாக், இரும்பு முக்காலி வாடகைக்கே கிடைக்கும். முக்காலியின் மூன்று கால்களையும் அடியில் சங்கிலியால் பிணைக்க வேண்டும். சிமெண்ட் தரையில் எண்ணெய் சிந்தியிருந்தால் கால் வழுக்கி அகலும், அப்போது முக்காலியே மடங்கி விழும்.

—

இன்ஜின் கிரேன் எடுப்பவர்களுக்கு: கிரேன் மேல் எழுதியிருக்கும் 2 டன், கிரேனின் கையை முழுக்க உள்ளே தள்ளியிருக்கும்போதுதான். கடைசித் துளை வரை நீட்டினால் பல கிரேன்களில் அது 500 கிலோவாகக் குறையும். எந்தத் துளையில் எவ்வளவு எடை என்று கிரேன் கையிலேயே பொறித்திருப்பார்கள், படித்துவிட்டு மாட்டுங்க. தூக்கியபடி தள்ளாதீங்க. வண்டியை விட்டு வெளியே வந்ததும் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிவிட்டுத் தள்ளுங்க. சின்னச் சக்கரம் டைல்ஸ் இடுக்கில் மாட்டினால் பாரம் முன்னே ஊசலாடும், 18 மி.மீ. பிளைவுட் விரித்தால் போதும்.

—

ஸ்லிங் (இன்ஜினைக் கொக்கியோடு இணைக்கும் தூக்குக் கயிறு) விஷயம் யாரும் சொல்லலையே அண்ணே. இரண்டு முனையில் கட்டும்போது, ஒவ்வொரு கயிறும் கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் நின்றால் 300 கிலோவுக்குத் தலா 173 கிலோதான் இழுக்கும். 30 டிகிரிக்குப் படுத்தால் ஒவ்வொன்றும் 300 கிலோ! கயிறு குட்டையாக இருந்தால் இதுதான் நடக்கும். கொக்கி, சிலிண்டர் ஹெட்டில் அதற்கென்றே இருக்கும் தூக்கும் துண்டில் மட்டும். மேனிஃபோல்டில் (காற்று, புகை போகும் குழாய்த் தொகுதி) கட்டினால் போல்ட்டே பிய்ந்துவரும். தூக்கும் துண்டைப் பிடிக்கும் போல்ட் 8.8 தரம் (போல்ட் தலையில் பொறித்திருக்கும் வலிமை எண்), உள்ளே அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது இறங்கணும். அலுமினியம் ஹெட் என்றால் இரண்டு மடங்கு.

இன்ஜினை மட்டும் எடுப்பதானால் கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்த பிறகே பெல் ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் மணி வடிவக் கூடு) போல்ட்டைக் கழற்றுங்க. கியர்பாக்ஸ் தொங்கினால் அதன் எடை முழுக்க கிளட்ச் பிளேட்டில் விழுந்து அதன் நடுப்பகுதியான ஹப் வளைந்துவிடும். புது பிளேட் போட்டும் கிளட்ச் உதறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

—

இறக்கிய இன்ஜினை மினி லாரியில் ஏற்றும்போது சம்ப் (அடியில் இருக்கும் ஆயில் தொட்டி) மேல் உட்கார வைக்காதீங்க. தகடு நசுங்கி உள்ளே ஆயில் உறிஞ்சும் வலையான ஸ்ட்ரெயினரை அடைத்தால் ஆயில் ஏறாது; பேரிங் போன பிறகுதான் தெரியும். மவுண்ட் பிராக்கெட்டுக்கு (இன்ஜினை வண்டியோடு பிடிக்கும் தாங்கி) அடியில் கட்டை கொடுத்து, கேபினை ஒட்டி வைத்து, நாலு மூலைக்கும் ராச்செட் பெல்ட். ஆயிலை வடித்துவிட்டு நிமிர்ந்த நிலையில்தான் கொண்டுபோகணும். காற்று உள்ளே போகும் இன்டேக் வாயில் பஞ்சுக் கழிவு அடைக்க வேண்டாம், பிளாஸ்டிக் மூடி போடுங்க. நூல் உள்ளே போனால் தேடி எடுக்க முடியாது.