பழைய கிளப், பழைய ரசிகர்: உங்களுக்கு நேர்ந்த ஒன்றை எழுதுங்கள்

மான்செஸ்டர் மழை:

இங்கிலாந்தின் பெரி கால்பந்து கிளப்பின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், முழுசாகச் சொல்லவில்லை. 1903 எஃப்ஏ கோப்பை இறுதியில் டார்பியை 6-0 என்று நசுக்கிய கிளப், 2018 டிசம்பரில் ஒரே ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. சம்பளம் ஒழுங்காக வராத நிலையிலும் பையன்கள் ஆடி மேல் டிவிஷனுக்கு ஏறினார்கள், ஏறிய டிவிஷனில் ஒரு பந்துகூட உதைக்காமல் லீகைவிட்டே வெளியேற்றப்பட்டார்கள். எனக்கு இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருப்பது 2019 ஆகஸ்ட் 27 பிற்பகல் மட்டும்.

கிளப்பை விற்று முடிக்க லீக் வைத்த கெடு மாலை 5 மணி. வாங்குவதற்கு ஒரு கம்பெனி வந்திருக்கிறது, சனிக்கிழமை ஆட்டம் நடந்துவிடும் என்ற நம்பிக்கையில் ஊரே வாளியும் துடைப்பமுமாக கிக் லேன் மைதானத்துக்கு வந்து சீட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தது. பக்கத்தில் குடியிருந்ததால் நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் இரண்டு பெரியவர்கள், எழுபதைத் தாண்டியிருப்பார்கள், பயங்கரச் சண்டை. எதற்கு என்றால், எதிரணி ரசிகர்கள் உட்காரும் ஸ்டாண்டையும் கழுவ வேண்டுமா வேண்டாமா என்று. "அவன்களுக்கு நாம் ஏன் புறா எச்சம் துடைக்கணும், வருகிறவன் அவனே துடைத்துக்கொள்ளட்டும்" என்கிறார் ஒருவர். "அவனும் காசு கொடுத்துத்தானே வருகிறான், நம்மிடம் வருகிறவனை அழுக்கில் உட்கார வைப்பாயா" என்று மற்றவர். வாளியில் வெந்நீர் ஆறிக்கொண்டிருக்கிறது, இரண்டு பேரும் கீழே குனிகிற மாதிரி இல்லை. அந்த நேரத்தில்தான் வாங்க வந்த கம்பெனி பின்வாங்கிவிட்டது என்று யாரோ போனைப் பார்த்துச் சொன்னார்கள். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மறுபடி அதே சண்டை, விட்ட இடத்திலிருந்து. அன்றிரவே அறிவிப்பு வந்துவிட்டது.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள். கோப்பைக் கணக்கு விக்கியில் படித்துக்கொள்ளலாம், எனக்கு ஆட்கள் வேண்டும்.

பாதி கிராப்பு:

பிளாக்பர்ன். ப்ராஜெக்ட் வேலையாக அனுப்பியிருந்தார்கள், ஊருக்குப் போன புதிது, முடி வெட்டிக்கொள்ளப் போனேன். வெட்டிக்கொண்டே எந்த ஊர் என்றார். இந்தியா என்றேன். கத்தரி நின்றுவிட்டது.

"இந்தியாவில் எங்கே, புனேயா?"

எனக்கு உடனே புரிந்தது. 2010-இல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்பை வாங்கியது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வெங்கீஸ், புனேயின் கோழிக் கம்பெனி. 2012-இல் பிரிமியர் லீகிலிருந்து இறங்கினார்கள், அந்த ராத்திரி ஆட்டத்தில் கிளப் கொடியைப் போர்த்திய ஒரு கோழியை யாரோ மைதானத்துக்குள் விட்டது உலகம் பூராவும் டிவியில் வந்தது. 2017-இல் இன்னொரு படி கீழே. சென்னை என்றேன். சென்னைக்கும் புனேக்கும் எவ்வளவு தூரம் என்றார். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றேன். யோசித்தார். கண்ணாடியில் பார்க்கிறேன், வலது பக்கம் வேலை முடிந்திருக்கிறது, இடது பக்கம் அப்படியே காடாக நிற்கிறது, எழுந்து ஓடவும் வழியில்லை.

அந்தக் கோலத்தில் உட்கார வைத்துத்தான் 1995-ஐ முழுக்கச் சொன்னார். உள்ளூர் இரும்பு வியாபாரி ஜாக் வாக்கர் பணத்தைக் கொட்டியது, டால்க்லீஷை மேனேஜராகக் கூட்டி வந்தது, ஷியரர் அந்த சீசனில் 34 கோல் போட்டது, கடைசி நாள் லிவர்பூலின் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 2-1 என்று தோற்றும், அந்தப் பக்கம் வெஸ்ட் ஹாமிடம் மான்செஸ்டர் யுனைடெட் ஜெயிக்க முடியாமல் போனதால் பிரிமியர் லீக் கோப்பை இவர்களுக்கு வந்தது. "தோற்ற நாளில் சாம்பியன் ஆனவர்கள் நாங்கள்" என்று கத்தரியை ஆட்டி ஆட்டிச் சொல்கிறார், என் காது பக்கத்தில். எல்லாம் முடிந்த பிறகு ஒரே ஒரு கேள்வி: கோழி சாப்பிடுவாயா?

சைவம் என்றேன். சரி என்று இடது பக்கத்தை வெட்டினார்.

கணக்கப்பிள்ளை:

@பாதி கிராப்பு, அந்த முடிதிருத்துநருக்கு நீங்கள் பதில் சொல்லியிருக்க வேண்டும். இறங்கினது உண்மை, ஆனால் வருஷா வருஷம் விழும் நஷ்டத்துக்குப் பணம் போட்டு வருவதும் அதே முதலாளிகள்தான். ஜாக் வாக்கர் போட்டால் பாசம், வேறு ஊர்க்காரன் போட்டால் கோழியா?

என் அனுபவம் சின்னது. போர்ட்ஸ்மத்தில் ஒரு பப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், கிளப்பை மீட்க ரசிகர்கள் நடத்திய அறக்கட்டளையில் ஆயிரம் பவுண்டு பங்கு வாங்கினவர். அந்தச் சான்றிதழை வீட்டுக் கழிவறையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாராம். ஏன் அங்கே என்றால், தினம் தவறாமல் நிதானமாக உட்கார்ந்து பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதானாம். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே இளைஞர்கள் பலர் புதிதாக ஒரு கிளப்பைப் பிடித்துக்கொள்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். முதலில் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மைதானம் கிளப்பின் கையைவிட்டுப் போகிற அன்றைக்கே பாதி ஆபத்து தொடங்கிவிட்டது. டார்பி 2018-இல் தன் மைதானத்தைத் தன் முதலாளிக்கே விற்றுக் கணக்கில் லாபம் காட்டியது, 2021-இல் திவால் நிர்வாகத்துக்குப் போய் 21 புள்ளி பறிபோய் அடுத்த ஆண்டே இறங்கியது. இரண்டாவது, பிரிட்டன் அரசின் நிறுவனப் பதிவகமான கம்பெனீஸ் ஹவுஸ் தளத்தில் எந்தக் கிளப்பின் ஆண்டுக் கணக்கையும் இலவசமாகப் பார்க்கலாம், கணக்கு தாக்கல் செய்யத் தாமதிக்கிறார்கள் என்றாலே எச்சரிக்கை மணி. அப்புறம் வருமானத்தில் எத்தனை பங்கு ஆட்டக்காரர் சம்பளத்துக்குப் போகிறது என்று பாருங்கள், நூறு பவுண்டு வந்து நூற்றுப்பத்து சம்பளமாகப் போகிற கிளப்பில் கோப்பை வந்தாலும் அது கடன் கோப்பைதான். போர்ட்ஸ்மத்தே சாட்சி: 2008-இல் எஃப்ஏ கோப்பை, 2010 பிப்ரவரியில் பிரிமியர் லீகிலிருந்தே திவால் நிர்வாகத்துக்குப் போன முதல் கிளப், 2013-இல் நான்காம் டிவிஷன். லீட்ஸில் தலைவர் அறைக்குத் தங்கமீன் வாடகைக்கு எடுத்தார்கள், வருஷம் 240 பவுண்டு. இதெல்லாம் ரசிகன் முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டும். இப்போது 2025-இல் தனி ஒழுங்குமுறை அமைப்புக்குச் சட்டமே வந்தாயிற்று, ஆனால் அதை நம்பிக்கொண்டு தூங்காதீர்கள்.

மான்செஸ்டர் மழை:

ஐயா, சீட் கழுவ வந்த பெரியவர் ஆண்டுக் கணக்கைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பார்? வேறு கிளப்புக்குப் போயிருப்பாரா? போர்ட்ஸ்மத் கதையை முழுசாகச் சொல்லுங்கள், அறிவுரை போதும்.

நைட் டியூட்டி:

சண்டர்லாந்தில் ஆஸ்பத்திரி வேலை, வார்டு நர்ஸ். எங்கள் வார்டில் 1973 என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் அந்தப் பக்கம் இருக்கிற எல்லாக் கட்டிலும் எழுந்து உட்காரும்.

சண்டர்லாந்து இரண்டாம் டிவிஷனில் இருந்துகொண்டு எஃப்ஏ கோப்பை இறுதியில், வெம்பிளியில் லீட்ஸை 1-0 என்று கவிழ்த்த ஆட்டம். கோல் போட்டது போர்ட்டர்ஃபீல்டு. ஆனால் இவர்கள் சொல்வது அந்தக் கோலை இல்லை, கோல்கீப்பர் மான்ட்கோமரியை. லீட்ஸின் செர்ரி தலையால் முட்டியதைப் பாய்ந்து தடுத்து, விழுந்த இடத்திலிருந்து எழுவதற்குள் லாரிமர் அடித்ததையும் கோல் கம்பத்தின் மேல் பாரில் தட்டிவிட்டாரே, அதை. எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஒரு தாத்தா, மயக்கம் பாதிதான் தெளிந்திருக்கிறது, பிபி எடுக்கப் போன என்னிடம் ஆரம்பித்தார். முதல் தடுப்புக்கு வலது கையைத் தூக்கினார், அதில் ஒன்றும் இல்லை. இரண்டாவதுக்கு இடது கை. அதில்தான் ட்ரிப் ஏறிக்கொண்டிருக்கிறது. ஊசியோடு பிடுங்கிக்கொண்டு வந்து, போர்வை, என் யூனிஃபார்ம், பக்கத்துக் கட்டில்காரரின் பத்திரிகை எல்லாம் ரத்தப் புள்ளி. நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்துக் கட்டில்காரர் ரத்தத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அது இடது கை இல்லை, அவர் இரண்டு கையும்" என்று திருத்துகிறார்.

மூன்றாம் டிவிஷனில் நான்கு சீசன் கிடந்த காலம் அது. ஆறு முறை லீக் சாம்பியன் ஆன கிளப், கடைசியாக 1936. நிலக்கரிச் சுரங்கம் மூடிய இடத்திலேயே மைதானம் கட்டி, வாசலில் சுரங்க விளக்கைப் பெரிதாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2025-இல் பிரிமியர் லீகுக்கு ஏறிய மறுநாள் வார்டில் யாருக்கும் பிபி நார்மலாக இல்லை. தயவுசெய்து யாரும் எனக்குக் கேனுலா (ட்ரிப் ஏற்றும் ஊசிக்குழாய்) ஒட்டுவது எப்படி என்று அறிவுரை சொல்ல வேண்டாம்.

ஹெய்டன்ஸ் ரோட் கடை:

நாங்கள் விம்பிள்டனில் கடை வைத்திருந்தோம். எஃப்ரா ரோட் பிள்ளையார் கோயிலுக்கு வாற எங்கட ஆட்களுக்கு அந்தப் பக்கம் நல்லாய்த் தெரியும். கிளப்பின் கதை தெரியும்தானே, 1988-இல் லிவர்பூலை வென்று கோப்பை எடுத்தது, 1991-இல் சொந்த மைதானமான பிளவ் லேனை விட்டது, 2002-இல் மூன்று பேர் குழு ஒன்று கூடிக் கிளப்பை வேற ஊரான மில்டன் கீன்ஸுக்குக் கொண்டு போகலாம் என்று தீர்ப்புச் சொன்னது, சனம் உடனே விம்பிள்டன் காமனில் பெடியளைத் தெரிவு செய்து புதுக் கிளப் தொடங்கினது.

2020 நவம்பரில் பிளவ் லேனில் புது மைதானம் திறந்தார்கள். முதல் ஆட்டம், ஆனால் கொரோனா, ஒருத்தரையும் உள்ளுக்கு விடேல்லை. எங்கட கடைக்கு வழமையாய் வாற ஒரு கிழவர், ரேடியோவுக்கு பேட்டரி வேண்ட வந்தார். வீட்டில இருந்து கேட்கலாமே, குளிருது என்றேன். "மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றால் பந்து உதைக்கிற சத்தம் முதலில் கேட்குது, பிறகுதான் ரேடியோக்காரன் சொல்லுறான்" என்றார். அதைச் சொல்ல அவருக்கு அவ்வளவு சந்தோசம், ரேடியோக்காரனைத் தான் முந்திவிட்ட மாதிரி. பேட்டரியைப் போட்டுக்கொண்டு ஓடினார். மிச்சக் காசை மேசையில் விட்டுவிட்டார், அடுத்த நாள் வந்து சரியாய்க் கேட்டு வேண்டிக்கொண்டு போனார்.

கணக்கப்பிள்ளை:

உணர்ச்சி சரி. ஆனால் சட்டப்படி பார்த்தால் லீகில் பழைய கிளப்பின் இடம் மில்டன் கீன்ஸிடம்தான் இருக்கிறது, புதுக் கிளப் 2002-இல் பிறந்தது. இதையும் சொல்ல வேண்டும்.

ஹெய்டன்ஸ் ரோட் கடை:

தம்பி, அந்த மில்டன் கீன்ஸ்காரரே 2007-இல் பழைய கோப்பைகளையும் வரலாற்று உரிமையையும் விம்பிள்டன் இருக்கிற மெர்ட்டன் கவுன்சிலிடம் திருப்பிக் குடுத்திட்டினம். அவையே விட்டதை நீங்கள் ஏன் பிடிச்சுத் தொங்குறியள்? கடைக்கு வாங்கோ, கிழவரோடு கதைச்சுப் பாருங்கோ. பிறகு சட்டம் சொல்லுங்கோ.

கிளாஸ்கோ மாணவன்:

இந்த "அதே கிளப்பா வேறு கிளப்பா" கேள்வியை கிளாஸ்கோவில் கேட்டவன் நான். பகுதிநேர வேலைக்குப் போன இடத்தின் கேன்டீனில், வெறும் ஆர்வத்தில், ரேஞ்சர்ஸ் கிளப் 1872-இல் தொடங்கியதா இல்லை 2012-இல் கம்பெனி கலைந்தபோது புதிதாகத் தொடங்கியதா என்றேன். ஒரே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டு மேசையாகப் பிரிந்தார்கள். நான் நடுவில் சூப்போடு. சூப்பர்வைசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வேறு எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசு, வானிலை நிறைய இருக்கிறது என்றார்.

அதே 1872-இல் பிறந்த இன்னொரு கிளப் அங்கே இருந்தது, தேர்டு லானார்க். அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. 1961-இல் லீகில் நூறு கோல் போட்டு மூன்றாம் இடம், 1967-இல் கிளப்பே இல்லை. அதன் பழைய மைதானமான கேத்கின் பார்க்குக்கு நண்பர்களோடு விளையாடப் போனபோது பந்து மேட்டில் ஏறிவிட்டது, எடுக்கப் போனால் அது மேடு இல்லை, ரசிகர்கள் நின்ற படிக்கட்டு. சிவப்பு பெயின்ட் அடித்த கம்பித் தடுப்புகள் வரிசையாக நிற்கின்றன, நடுநடுவே பெரிய பெரிய மரங்கள். பந்து ஒரு தடுப்புக்கும் மரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வரவே இல்லை, காலால் உதைத்துத்தான் எடுத்தோம். @கணக்கப்பிள்ளை, அங்கே மைதானம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, கிளப் இல்லை. உங்கள் விதிக்கு இதை எங்கே வைப்பீர்கள்?

யார்க்‌ஷயர் மாப்பிள்ளை:

எல்லோரும் பேசுங்கள், ஆனால் அந்தத் தங்கமீனை விடுங்கள். 240 பவுண்டு மீனால் லீட்ஸ் மூழ்கவில்லை. வருங்கால டிக்கெட் வருமானத்தை அடமானம் வைத்து 60 மில்லியன் பவுண்டு கடன் வாங்கினார்கள், வருஷா வருஷம் சாம்பியன்ஸ் லீகில் ஆடுவோம் என்ற கணக்கில். 2001-இல் அரையிறுதி வரை போனார்கள், அடுத்த இரண்டு சீசன் அதற்குத் தகுதியே பெறவில்லை, வாங்கிய ஆட்களை ஒவ்வொருவராக விற்று, 2004-இல் இறங்கினார்கள், அதே ஆண்டு எல்லண்ட் ரோடு மைதானத்தையும் விற்றார்கள். பிரிமியர் லீகுக்குத் திரும்ப 2020 ஆயிற்று. இவ்வளவு பெரிய கதையில் ஊருக்கு ஞாபகம் இருப்பது மீன்.

கல்யாணம் ஆகி இங்கே வந்ததிலிருந்து, லீட்ஸ் என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் மீனைக் கேட்கிறார்கள். உள்ளூரில் கேட்கவே கூடாது என்று மாமனார் முதலிலேயே எச்சரித்துவிட்டார், அவர் சீசன் டிக்கெட்காரர். போன மாதம் மகளுக்காக மீன் தொட்டி வாங்கக் கடைக்குப் போனோம், மாமனாரும் கூட. அவர் லீட்ஸ் தொப்பியோடு நிற்கிறார், இரண்டு தங்கமீன் கொடுங்கள் என்றேன். கடைக்காரர் தொப்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"விலைக்கு மட்டும்தான் சார், வாடகைக்குக் கிடையாது."

மாமனார் வெளியே போய்விட்டார். மகள் கப்பி மீன் வாங்கிக்கொண்டாள்.