"தவில்" தேடினா வருது, "தொம்" தேடினா வரலை: சாம்பிள் சேகரிப்புக்கு எந்த மென்பொருள் நல்லது?

தோபாயோ தாளம் | சனி, இரவு 10.42

வணக்கம். ரெண்டு வாரமா இதோட போராடுறேன், உதவி வேணும்.

பாட்டுல சேர்க்க எடுத்து வச்ச சின்னச் சின்ன ஒலித்துண்டுகள், அதான் சாம்பிள், மொத்தம் 41,000 கோப்பு இருக்கும். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கின பேக்குகள். எனக்கு முக்கியம் அதுல 2,600தான், எல்லாம் நானே பதிஞ்சது. 2013-லேர்ந்து உறுமி, தவில், பறை, மிருதங்கம், கஞ்சிரா, மோர்சிங்னு சேர்த்தது. பாதி என் அறையில பதிஞ்சது. மீதி இங்க சிங்கப்பூர்ல வாய்ட் டெக் (அடுக்குமாடிக் கீழ்த்தளம்) கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், ஈசூன்ல மாமாவோட உறுமி மேளக் குழு ஒத்திகை. பழைய மேக்ல இருந்தப்போ எல்லாத்துக்கும் தமிழ்லயே பேர் வச்சேன். இப்ப விண்டோஸுக்கு மாறிட்டேன். மேக்ல சிப் கட்டி எடுத்துட்டு வந்தேன். இங்க முதல்ல விரிச்சப்போ பேரெல்லாம் கிறுக்கலா வந்துச்சு, வேற விரிப்பான்ல திறந்ததும் தமிழ் சரியா வந்துடுச்சு.

பிரச்சினை மூணு.

ஒண்ணு: ஸ்கேன் பண்ணினா நிறைய கோப்பு ரெண்டு ரெண்டா காட்டுது. அதுல ஒண்ணு ஓடும், இன்னொண்ணு திறக்கவே திறக்காது.

ரெண்டு: "தவில்", "பறை", "உறுமி", "கஞ்சிரா" தேடினா வருது. "தொம்", "கொட்டு", "மோர்சிங்", "தொப்பி" (மிருதங்கத்தோட இடது முகம்) தேடினா ஒண்ணுமே இல்லை. கோப்பு கண்ணு முன்னாடி ஃபோல்டர்ல இருக்கு! மூணு மென்பொருள்ல பார்த்துட்டேன், மூணுலயும் இதே கதை.

மூணு: ஒரு மென்பொருள் தானாகவே டேக் (வகைப் பேர்) போட்டுச்சு, எல்லாம் மேற்கத்திய வாத்தியப் பேர். மாமாவோட உறுமி இழுப்பு (தோலைத் தேய்ச்சு வர்ற சத்தம்) "பேஸ்", தவில் "ஸ்நேர்", மிருதங்கத் தொம் "கிக்".

ரீப்பர்ங்கிற ஒலித்தொகுப்பு மென்பொருள்லதான் வேலை செய்றேன். 150 வெள்ளி வரைக்கும் போடத் தயார். எதை வாங்கலாம்? அவசரம் ஏன்னா, 2014-ல பதிஞ்ச "மாமா கொட்டு" வரிசை உடனே வேணும். அந்த உறுமிக்குத் தோல் மாத்திட்டாங்க. அந்தச் சத்தத்தை இனி பதிய முடியாது.

ஈசூன் ஒலிப்பதிவு | சனி, இரவு 11.20

தம்பி, முதல்ல மென்பொருள் கேள்விக்குச் சொல்றேன். நாடகங்களுக்கு ஒலி சேர்க்கிறது என் வேலை, தினமும் நாள் பூரா இதுலதான் கிடக்கிறேன்.

"இன்னது வேணும்"னு தெரிஞ்சு தேடுறது ஒரு வேலை. "இந்த மாதிரி ஏதாவது இருக்கா"ன்னு துழாவுறது வேற வேலை. ஒரே மென்பொருள் ரெண்டையும் நல்லா செய்யும்னு எதிர்பார்த்துதான் பலபேர் காசை விடுறாங்க.

துழாவுறதுக்கு எக்ஸ்ஓ, அட்லஸ், சோனோனிம் மூணும் பேர் போனவை. எக்ஸ்ஓவும் அட்லஸும் ஒவ்வொரு சத்தத்தையும் ஒரு புள்ளியாக்கி, ஒத்த சத்தங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சு வரைபடமா காட்டும். ஆனா ரெண்டும் குட்டி டிரம் அடிகளுக்காக உருவானவை. தனித்தனியா வெட்டின தவில் சொல்லு (பேர் உள்ள ஒவ்வொரு அடி) இருந்தா அருமையா இருக்கும். நாலு நிமிஷ ஊர்வலப் பதிவை அதுல போட்டு என்ன செய்ய? சோனோனிம் வேற மாதிரி. ஒரு சத்தத்தைக் கொடுத்தா ஒத்ததை வரிசையா நீட்டும். அலைமாலை, நாதத்தன்மை, சுருதி, ஒலி ஏற்ற இறக்கம் இதுல எது எவ்வளவு முக்கியம்னு நீயே கூட்டிக் குறைக்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும், சந்தா கிடையாது, வாங்கும் முன்னாடி சோதிச்சுப் பார்க்கலாம். உன் சேகரிப்புக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

தெரிஞ்சு தேடுறதுக்குக் காசே வேண்டாம். ரீப்பர்லயே மீடியா எக்ஸ்ப்ளோரர் இருக்கு. ஃபோல்டர்களைச் சேர்த்து டேட்டாபேஸா வச்சுக்கலாம், பாட்டோட வேகத்துக்கே ஓட்டிக் கேட்கலாம். நாங்க வேலையில சவுண்ட்மைனர், சவுண்ட்லி மாதிரி வச்சிருக்கோம், உனக்கு அவ்வளவு தேவையில்லை. ஸ்பிளைஸும் லூப்கிளவுடும் முதல்ல சாம்பிள் விற்கிற கடை. சொந்தப் பதிவுகளுக்காக அங்கே போகாதே.

டேக் விஷயத்துல ஏமாறாதே. நீ போடுற டேக் பெரும்பாலும் அந்தந்த மென்பொருளோட டேட்டாபேஸ்லதான் உட்காரும், கோப்புக்குள்ள போகாது. மென்பொருள் மாத்தினா அத்தனையும் போச்சு. ஃபோல்டரை இடம் மாத்தினாலே சிலதுல போயிடும். அதனால உனக்குத் தெரிஞ்சதைக் கோப்புப் பேர்லயே எழுது. அதுவும் ஆங்கில எழுத்துல எழுதிடு, தமிழ் தேடல்ல வராதது அதனாலதான்னு நினைக்கிறேன்.

நிரலி | ஞாயிறு, காலை 7.05

ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டாம். தமிழ்தான் காரணம் என்றால் "தவில்" மட்டும் எப்படி வருகிறது?

உங்கள் பட்டியலைப் பாருங்கள். வருபவை: தவில், பறை, உறுமி, கஞ்சிரா. வராதவை: தொம், கொட்டு, மோர்சிங், தொப்பி. வராத ஒவ்வொன்றிலும் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து இருக்கிறது. தொ, கொ, மோ.

கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் யூனிகோடு முறையில் "தொ" என்பதை இரண்டு விதமாக எழுதலாம். த-வுக்குப் பின் "ொ" என்ற ஒரே குறியாக வைக்கலாம். அல்லது த-வுக்குப் பின் கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், எழுத்துரு ஒட்டிக் காட்டிவிடும். கணினிக்கு இவை வேறு வேறு சரங்கள். ஒ, ஓ, ஔ வரிசைகளுக்கு மட்டும்தான் இந்தச் சிக்கல். பழைய மேக் கோப்புப் பெயர்களைப் பிரித்து வைக்கும் பழக்கமுள்ளது. சிப் கட்டும்போது பிரித்த வடிவமே உள்ளே போகும், விண்டோஸ் அதை அப்படியே வைத்துக்கொள்ளும். நீங்கள் தட்டச்சு செய்வது சேர்ந்த "தொ", கோப்பில் இருப்பது பிரிந்த "தொ". கொரிய எழுத்துக்கும் இதே கதிதான், ஆனால் அங்கே எழுத்து உடைந்து நிற்பது கண்ணுக்கே தெரியும்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு "தொம்" கோப்பில் எஃப்2 அழுத்திப் பெயர் மாற்றும் நிலைக்குப் போங்கள். "தொ"-வுக்குப் பின்னால் சுட்டியை வைத்து பேக்ஸ்பேஸை ஒரே முறை தட்டுங்கள். "த" மிஞ்சினால் சேர்ந்த வடிவம். "தெ" மிஞ்சினால் பிரிந்த வடிவம். பார்த்ததும் எஸ்கேப் தட்டி வெளியே வந்துவிடுங்கள்.

தோபாயோ தாளம் | ஞாயிறு, காலை 9.31

தெ! "தெ"தான் மிஞ்சுது! பத்து கோப்புல பார்த்துட்டேன், பத்துலயும் அதேதான். ரொம்ப நன்றிங்க. அப்போ அந்த ரெட்டைக் கோப்புகள்?

நிரலி | ஞாயிறு, காலை 9.58

அதுவும் அந்தச் சிப்பிலிருந்து வந்ததுதான். இரண்டு அடிக்கோடும் மேகோஸ்எக்ஸ் என்ற பெயருமாக ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் புள்ளியும் அடிக்கோடும் முன்னால் ஒட்டிய பெயர்களில் அதே கோப்புகள் இருக்கும். ஒவ்வொன்றும் சில நூறு பைட்தான். ஒப்பிட்டுப் பாருங்கள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ என்றால் ஒரு நிமிடமே 17 எம்பிக்கு மேல். அவற்றில் ஒலி இல்லை, மேக் வைத்த கூடுதல் விவரம்தான். பெயர் வேவ் என்ற ஒலிக்கோப்பு வகையில் முடிவதால் ஸ்கேனர் ஏமாந்து எடுத்துக்கொள்கிறது.

அழிக்குமுன் ஒரு கேள்வி. மேக்கில் கோப்புகளுக்கு வண்ணக் குறி போட்டிருந்தீர்களா? அது இதற்குள்தான் இருக்கும்.

தோபாயோ தாளம் | ஞாயிறு, காலை 10.15

போட்டிருந்தேன். சிவப்புன்னா மாமா குழு, பச்சைன்னா அறையில பதிஞ்சது. மேக் இன்னும் அலமாரியில இருக்கு, ஓடுது.

நிரலி | ஞாயிறு, காலை 10.40

நல்லது, அப்படியானால் வரிசை இதுதான். மேக்கைத் திறந்து, சிவப்பு, பச்சை இரண்டையும் வடிகட்டி, அந்த விவரத்தைப் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள். கோப்புகளைக் காட்டும் ஃபைண்டரில் மொத்தமாகப் பெயர் மாற்றும் வசதி இருக்கிறது. பிறகு மறுபடி கொண்டுவாருங்கள். மேகோஸ்எக்ஸ் ஃபோல்டரை நீக்குங்கள். அதன்பின் விண்டோஸில் பைத்தான் நிரல்மொழி கொண்டு பெயர்களைச் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றலாம். யூனிகோடுடேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற செயற்பாடு இருக்கிறது, என்எஃப்சி என்று கேட்டால் சேர்த்துத் தரும். பத்து வரி நிரல் போதும், இன்று மாலைக்குள் எழுதி அனுப்புகிறேன்.

இரண்டு எச்சரிக்கை. முதலில் நகல் எடுத்து, ஒரு சின்ன ஃபோல்டரில் ஓட்டிப் பாருங்கள். அடுத்தது, பழைய ரீப்பர் புராஜெக்டுகள் பிரிந்த பெயரைத்தான் நினைவில் வைத்திருக்கும், திறந்தால் கோப்பைக் காணோம் என்று கேட்கும். பழைய பெயர், புதிய பெயர் பட்டியலை நிரல் எழுதி வைக்கும். ரீப்பர் புராஜெக்ட் வெறும் உரைக்கோப்புதான், அந்தப் பட்டியலைக் கொண்டு அதையும் திருத்தலாம். எல்லாம் முடிந்த பிறகு ஸ்கேன் செய்யுங்கள்.

ஐந்தரைக் கட்டை | ஞாயிறு, மதியம் 1.12

பாடுறவ நான், இடையில வந்து சொல்றேன். பேர் மாத்துறதே மாத்துறீங்க, மிருதங்கத்துக்குக் கட்டையை, அதான் சுருதி அளவை, கண்டிப்பா எழுதுங்க. ஒரு கட்டைக்குச் சேர்த்த வலந்தலையும் (வலது முகம்) அஞ்சு கட்டைக்குச் சேர்த்த வலந்தலையும் ஒரே "நம்" சொன்னாலும் ஒண்ணை எடுத்து இன்னொண்ணுக்குப் போட முடியாது. தானா சுருதி கண்டுபிடிக்கிற மென்பொருளை நம்பி விட்டுடாதீங்க. தொப்பிப் பக்கம் கேட்டுட்டு அது ஒண்ணு சொல்லும், வலந்தலை கேட்டுட்டு வேற ஒண்ணு சொல்லும். உறுமி இழுப்பு இன்னும் மோசம். வளைஞ்ச குச்சியால தோலைத் தேய்க்கிறப்போ சுருதி வழுக்கிக்கிட்டே போகுது, முன்னாடி பளிச்னு ஒரு அடி கேட்காது. கிக், ஸ்நேர்னு பழகின பெட்டிகள்ல அதுக்கு இடமே இல்லை, அதான் பேஸ்ல போய் விழுந்திருக்கு.

வாசிச்சவங்க பேரையும் எழுதிடுங்க தம்பி. பத்து வருஷம் கழிச்சு இது யாரோட கைன்னு யாருக்கும் தெரியாம போயிடக் கூடாது. நாளைக்கு ஒரு பாட்டுல போட்டீங்கன்னா அவங்ககிட்ட கேட்கணும், பேரும் போடணும்.

ஈசூன் ஒலிப்பதிவு | ஞாயிறு, மதியம் 2.03

நிரலி, கொம்பும் காலும் கணக்கு எனக்குப் புதுசு. நான் ஆங்கில எழுத்துன்னு சொன்னதைத் திருத்திக்கிறேன். ஆங்கிலத்துல எழுதினா தொம்மும் தோமும் ஒண்ணா போயிடும் வேற.

தம்பி, ஒண்ணு சேர்த்துக்கோ. வேவ் கோப்புக்குள்ளயே விவரம் எழுத பெக்ஸ்ட்னு ஒரு பகுதி உண்டு. அதுல விவரிப்பு 256 எழுத்துதான், ஆங்கில எழுத்து மட்டும் தாங்கும். தமிழ் எழுதணும்னா ஐஎக்ஸ்எம்எல் பகுதியில எழுது. கருவி, சொல்லு, கட்டை, வாசிச்சவர், ஆண்டு: இந்த வரிசை எல்லாக் கோப்புக்கும் மாறாம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சது.

தோபாயோ தாளம் | வியாழன், இரவு 11.48

எல்லாருக்கும் நன்றி. நாலு ராத்திரி ஆச்சு, முடிஞ்சது.

நிரலி அனுப்பின நிரல் 940 பேரை மாத்துச்சு. முதல்ல கஞ்சிரா ஃபோல்டர்ல ஓட்டிப் பார்த்தேன், எதுவும் மாறலை, அங்கே கொம்பு-கால் எழுத்தே இல்லை. அடுத்து மோர்சிங்ல ஓட்டினேன், ஒண்ணு விடாம மாறிச்சு. ரெட்டைக் கோப்புகள் ஒண்ணுகூட இல்லை இப்போ. பழைய புராஜெக்ட் ஆறு மட்டும் கோப்பு கேட்டுச்சு, பட்டியலை வச்சுத் திருத்திட்டேன்.

"கொட்டு"ன்னு தட்டினேன். 2014 வரிசை முழுசா வந்து நின்னுச்சு. பழைய தோல். இழுப்பு முடியுற இடத்துல ஒரு சின்ன விரிசல் சத்தம் வரும், அதுகூட அப்படியே இருக்கு.

சோனோனிம் சோதனைப் பதிப்பைப் போட்டு அந்த இழுப்பையே கொடுத்து ஒத்ததைத் தேடச் சொன்னேன். முதல் பத்துல ஏழு மாமாவோடதே. எட்டாவதா வந்தது என்ன தெரியுமா? எப்பவோ வாங்கின பிரேசில் பேக்ல இருந்த க்வீகா. அதுவும் உள்ளே குச்சியைத் தேய்ச்சு வாசிக்கிற கருவிதான். நாலு வருஷமா டிஸ்க்ல இருந்தும் நான் திறந்தே பார்க்கலை. ரெண்டையும் ரீப்பர்ல அடுத்தடுத்து வச்சுக் கேட்டுக்கிட்டே இருக்கேன். சோனோனிம் வாங்கிடுறேன், தேடுறதுக்கு மீடியா எக்ஸ்ப்ளோரர்.

அக்கா, கட்டையும் வாசிச்சவர் பேரும் எழுதிட்டேன். மாமா குழுவுல 62 அடிக்குச் சொல்லு தெரியாம "அடி1", "அடி2"ன்னு வச்சிருந்தேன். சனிக்கிழமை லேப்டாப்போட ஈசூன் போறேன், ஒவ்வொண்ணா போட்டுக் காட்டி அவர்கிட்டயே கேட்டு எழுதணும்.

ஐந்தரைக் கட்டை | வெள்ளி, காலை 6.50

அவர் சொல்றதையும் பதிஞ்சுடுங்க தம்பி. எழுதுறப்போ விட்டுப்போற சொல்லு வாயால சொல்றப்போ இருக்கும்.