மூளை ட்ரேசர்: பிளாக் செய்தும் சிக்னல் குறையவில்லை, அவசரம்

எலிக்கூண்டு:
அவசர உதவி. புது ட்ரேசர் (உடலில் எங்கே போகிறது என்று பார்க்கக் கதிரியக்க அணு சேர்த்த மருந்து). மூளைச் சீவல்களில் நன்றாக ஒட்டுகிறது, கோல்டு மருந்தை, அதாவது கதிரியக்கம் இல்லாத அதே மருந்தை, அதிகமாகக் கலந்தால் ஒழுங்காக விலகியும் விடுகிறது. அதையே உயிருள்ள விலங்கில் போட்டு பெட் ஸ்கேன் (கதிரியக்கத்தைப் படமாக்கும் ஸ்கேன்) எடுத்தால் கார்டெக்ஸ் (மூளையின் மேலடுக்கு) முழுக்க வெளிச்சம். நேரம் போகப் போக ஏறுகிறதே தவிர இறங்கவில்லை. ட்ரேசர் ஒட்டும் இடங்களை அடைக்கும் பிளாக்கரை முன்னதாகவே கொடுத்தும் இம்மியும் குறையவில்லை. கொழுப்பில் கரையும் தன்மை அதிகமாகி, கண்ட இடத்திலும் ஒட்டுகிறதோ? மூலக்கூறையே மாற்றிவிடலாமா? வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம்.

அரை_ஆயுள்:
எந்த ஐசோடோப்? எலியா, சுண்டெலியா? என்ன மயக்க மருந்து? எத்தனை நிமிட ஸ்கேன்? கொழுப்பில் கரையும் அளவைச் சொல்லும் லாக் டி எவ்வளவு? "புது ட்ரேசர்" என்று மட்டும் சொன்னால் நாங்கள் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

பம்ப்_காவலன்:
பிஜிபி (பி-கிளைக்கோபுரோட்டீன்) பம்ப். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எலி வகைகளில் அது பொல்லாத பம்ப், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே வரும் மருந்தை உடனே வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்பை அடைக்கும் சைக்ளோஸ்போரின் கொடுத்துவிட்டு ஒரு ஸ்கேன் எடுங்கள், வித்தியாசம் தெரியும்.

அரை_ஆயுள்:
வெளியே தள்ளினால் சிக்னல் குறையத்தானே வேண்டும்? இவருக்கு ஏறுகிறது.

பம்ப்_காவலன்:
ஏறுவதற்கு வேறு காரணம் இருக்கலாம். பம்ப் இல்லை என்று ஆகிவிடாதே.

பழைய_சைக்ளோட்ரான்:
தம்பி, அடிப்படையை ஒரு தடவை படித்துவிட்டு வந்தால் நல்லது. ஏற்பிகளின் (ட்ரேசர் ஒட்டும் புரதங்களின்) செறிவை, ஒட்டும் வலுவைக் காட்டும் கேடியால் (பாதி ஏற்பிகள் நிரம்பத் தேவைப்படும் மருந்தின் செறிவு) வகுத்தால் குறைந்தது 10 தேற வேண்டும், பார்த்தீர்களா? அடுத்தது மோலார் ஆக்டிவிட்டி, அதாவது ஒரு மோல் மருந்துக்கு எவ்வளவு கதிரியக்கம் என்பது. அது குறைவாக இருந்தால், ஊசியில் ட்ரேசரோடு போகும் கோல்டு மருந்தே ஏற்பிகளை அடைத்துவிடும். அதற்கு மேல் பிளாக்கர் கொடுத்து என்ன புண்ணியம்? வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார்.

எலிக்கூண்டு:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். புளோரின்-18. எலி. ஐசோஃப்ளூரேன். 90 நிமிடம். லாக் டி 2.6. மோலார் ஆக்டிவிட்டி, ஊசி போடும் நேரத்தில் மைக்ரோமோலுக்கு 60 ஜிகாபெக்கரல்.

அரை_ஆயுள்:
லாக் டி, மோலார் ஆக்டிவிட்டி இரண்டுமே மோசமில்லையே. மூலக்கூறைக் குப்பையில் போட அவசரப்பட வேண்டாம்.

கரிமக்கை:
யாருமே கேட்காத கேள்வி: புளோரின் மூலக்கூறில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பென்சீன் வளையத்திலா, ஃப்ளூரோஎத்தில் வாலிலா? வாலில் என்றால் கல்லீரல் நொதிகள் அதைக் கடித்துத் துப்பிவிடும். கழன்ற புளோரைடு நேரே எலும்புக்குப் போகும். 1962-லிருந்து எலும்பு ஸ்கேனுக்குப் பயன்பட்ட பொருளாயிற்றே, எலும்பை விடுமா? மண்டையோடு எலும்பு. எலியின் கார்டெக்ஸ் அதற்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சிறு விலங்கு ஸ்கேனரால் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குக் கீழே பிரித்துக் காட்ட முடியாது, எலும்பின் வெளிச்சம் மூளைக்குள் வழியும். நேரம் போகப் போக ஏறுவதும், பிளாக்கருக்கு அசையாததும் இதோடு பொருந்துகிறது.

முழங்கால், முதுகெலும்பு, தாடை ஸ்கேனில் தெரிந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் ஊசி போட்டு 60 நிமிடம் கழித்து மூளையைத் தனியாக, மண்டையோட்டைத் தனியாக எடுத்து, கதிரியக்கத்தை எண்ணும் காமா கவுன்டரில் வையுங்கள். அரைநாள் வேலைதான்.

பழைய_சைக்ளோட்ரான்:
இதனால்தான் நான் கார்பன்-11 தவிர வேறெதையும் தொடுவதில்லை. மருந்தில் இருக்கும் சாதாரண கார்பனின் இடத்தில் கார்பன்-11 வைத்தால் மருந்து மருந்தாகவே இருக்கும். அல்சைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டைக் காட்டிய பிட்ஸ்பர்க் சேர்மம் எதில் வந்தது? 2002-ல் உப்சாலாவில் முதல் நோயாளிக்குப் போட்டது கார்பன்-11 தானே.

அரை_ஆயுள்:
கார்பன்-11-இன் 20 நிமிட அரை ஆயுளை வைத்துக்கொண்டு, சைக்ளோட்ரான் (இந்த ஐசோடோப்களைத் தயாரிக்கும் இயந்திரம்) இல்லாத மருத்துவமனைக்கு எதைக் கொண்டு போவீர்கள்? அமெரிக்காவில் 2012-ல் அனுமதி பெற்ற ஃப்ளோர்பெட்டாபிர் என்ற அமிலாய்டு ட்ரேசரில் இருப்பது புளோரின்-18. குளுக்கோஸ் போன்ற புளோரின்-18 ட்ரேசரான எஃப்டிஜியையே 1976-ல் புரூக்ஹேவனில் தயாரித்து பிலடெல்பியாவுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அரை ஆயுள் 110 நிமிடம் இருந்ததால்தான் அது நடந்தது.

பழைய_சைக்ளோட்ரான்:
எஃப்டிஜி ஏற்பியில் ஒட்டும் ட்ரேசரே இல்லை. ஒப்பிடுவதற்கும் ஒரு முறை வேண்டும்.

அரை_ஆயுள்:
நான் பேசியது அரை ஆயுளைப் பற்றி, ஏற்பியைப் பற்றி இல்லை. சரி, விடுங்கள். கேட்டவர் எங்கே?

சீவல்:
பிளாக் பற்றி இன்னொன்று. அந்த ஏற்பி நுரையீரலிலோ சிறுநீரகத்திலோ நிறைய இருந்தால், பிளாக்கர் அங்கேயும் அடைக்கும். அங்கே ஒட்ட வேண்டிய ட்ரேசர் ரத்தத்தில் தங்கி மூளைக்கு அதிகமாகப் போகும். டிஎஸ்பிஓ என்ற புரதத்தில் ஒட்டும் ட்ரேசர்களில் இது தெரிந்த கதை. ரத்த அளவைப் பார்க்காமல், ஊசி அளவுக்கும் உடல் எடைக்கும் சரிசெய்த மூளை அளவை மட்டும் ஒப்பிட்டால் பிளாக் ஆகவேயில்லை என்று தோன்றும். ரத்தம் எடுத்தீர்களா?

எலிக்கூண்டு:
ஃப்ளூரோஎத்தில் வால்தான். மண்டையோட்டைத் தனியே கவுன்ட் செய்தேன், மூளையைவிடப் பல மடங்கு. மூளையை மட்டும் வைத்துப் பார்த்தால் பிளாக்கரும் வேலை செய்திருக்கிறது. கரிமக்கைக்குப் பெரிய நன்றி. கூட்டத்துக்கு ஓடுகிறேன்.

கரிமக்கை:
நல்லது. வாலின் ஹைட்ரஜன்களை டியூட்டீரியமாக (கனமான ஹைட்ரஜனாக) மாற்றிப் பாருங்கள், சில மூலக்கூறுகளில் கழல்வது குறையும், சிலவற்றில் பயன் இருக்காது. முடிந்தால் புளோரினை வளையத்துக்கே கொண்டுபோங்கள், வேதியியல் கஷ்டம்தான். நொதியை அடைக்கும் வழியும் உண்டு: எஃப்சிடபிள்யூஏஒய் என்ற புளோரின்-18 ட்ரேசருக்கு மனிதர்களில், நொதியை அடைக்கும் டைசல்ஃபிரம் கொடுத்து மண்டையோட்டு வெளிச்சத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் இன்னொரு மருந்து என்றால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சீவல்:
ரத்தம் எடுத்தீர்களா என்று கேட்டிருந்தேன். வால் போன மிச்ச மூலக்கூறில் கதிரியக்கம் இருக்காது, சரி. வேறு இடத்தில் உடைந்து புளோரினோடு மூளைக்குள் நுழையும் துண்டு ஏதாவது இருக்கிறதா? ரத்தத்தில் உள்ள துண்டுகளைப் பிரித்துக் காட்டும் எச்பிஎல்சியில் பார்த்தால் சொல்லுங்கள்.

பம்ப்_காவலன்:
எல்லாம் சரி, சைக்ளோஸ்போரின் கொடுத்துப் பார்த்தீர்களா?