ராம தீர்த்தமா, ஒகேனக்கல் குழாயா, வீட்டு போர்வெல்லா?

அரூரான் | காலை 6:10
டீ ஆறுவதற்குள் மனதில் ஓடியதைக் கொட்டிவிடுகிறேன். அரசியல்: காவிரித் தண்ணீரைக் குழாயில் தரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று டீக்கடையில் இரண்டு பெரியவர்கள் இன்றும் மல்லுக்கு நின்றார்கள். அறிவியல்: இருவர் பல்லிலும் ஒரே பழுப்புக் கறை, நிலத்தடித் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளூரைடு உப்பின் வேலை. பல்லுக்குக் கட்சி கிடையாது. ஆன்மிகம்: முழங்கால் வலிக்குக் குடிக்க வேண்டும் என்று அம்மா கேட்டதால் நேற்று அரூர் பக்கத்துத் தீர்த்தமலை ஏறி, அங்கே பாறையில் கொட்டும் ராம தீர்த்தத்தை ஐந்து லிட்டர் கேன் நிறையப் பிடித்து வந்தேன். ஆனால் டம்ளரில் ஊற்றிக் கொடுக்கக் கை வரவில்லை. தலையில் தெளித்துக்கொள்ளட்டும், சோதிக்காத தண்ணீரைத் தினமும் குடிக்க வேண்டாம் என்பது என் கட்சி. நேற்றிலிருந்து அம்மா என்னோடு பேசவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மலையடிவாரம் | 6:31
தம்பி, இராவணனைக் கொன்றுவிட்டு வந்த ராமர், பூஜைக்கு நேரமாகிறதே என்று மலையில் அம்பு விட்டுப் பிறந்த தீர்த்தம் அது. கங்கை எடுக்கப் போன அனுமன் தாமதமாக வந்து, கோபத்தில் வீசிய தண்ணீர் விழுந்த இடம்தான் தென்பெண்ணைக் கரையில் இருக்கும் அனுமன் தீர்த்தம். கதை என்பீர்கள். சரி, கதையாகவே இருக்கட்டும். உங்கள் தாத்தா குடித்த தண்ணீர்தானே? உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரை எப்போது சோதித்தீர்கள்? சந்தேகம் சாமி தண்ணீரைப் பார்த்தால் மட்டும் வருகிறதே, அது எப்படி? அப்புறம் அந்தப் பெரியவர்கள் பல்லில் இருப்பது வெற்றிலைக் கறையாகவும் இருக்கலாம்.

அரூரான் | 6:38
தாத்தா குடித்தார். ஐம்பது வயதிலேயே கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்பித்தான் பார்ப்பார். வயசாச்சு என்று விட்டுவிட்டோம். போர் பற்றிக் கேட்டது குத்துகிறது. சோதிக்கவில்லை.

ஓய்வு வாத்தியார் | 6:55
வெற்றிலைக் கறை மேலே படிவது, டாக்டர் சுரண்டினால் போகும். ஃப்ளூரைடு கறை எனாமலுக்குள்ளேயே இருப்பது. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் கணக்கு அது. பெரியவனான பிறகு எந்தத் தண்ணீருக்கு மாறினாலும் அழியாது. எலும்பு அப்படியல்ல, வயதான பிறகும் ஃப்ளூரைடைச் சேர்த்துக்கொண்டே போகும், கழுத்தும் மூட்டும் இறுகும்.

நம் தருமபுரி மாவட்டத்தின் அடியில் கிடப்பது கருங்கல்லும் நைஸ் பாறையும். அதில் உள்ள அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. எத்தனை காலம் தண்ணீர் பாறையோடு கிடக்கிறதோ அந்த அளவுக்கு ஏறும். கால்சியம் குறைந்த, காரத்தன்மை உள்ள தண்ணீரென்றால் இன்னும் சுலபம். 300 அடி பத்தாது, 800 அடி போடு என்று ஆழம் போனவர்கள் பல இடங்களில் இந்தப் பழைய தண்ணீரைத்தான் எடுத்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. நிறம், மணம், ருசி எதுவும் காட்டிக்கொடுக்காது.

மலையடிவாரம் | 7:02
ஐயா சொன்னதை வைத்தே கேட்கிறேன். தீர்த்தம் மலை உச்சிப் பக்கம் கசிவது. மழை பெய்து கொஞ்ச நாளில் இறங்கும் தண்ணீர். 800 அடி போரை விட அதுதானே சுத்தம்?

ஓய்வு வாத்தியார் | 7:09
ஃப்ளூரைடு மட்டும் என்றால் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. வாய்ப்பு என்றுதான் சொல்கிறேன். ஆயிரம் பேர் நின்று குளிக்கும் இடத்தில் கிருமி கணக்கு தனி.

மலையடிவாரம் | 7:11
காய்ச்சிக் குடித்தால் போச்சு.

ஓய்வு வாத்தியார் | 7:14
கிருமி சாகும். ஃப்ளூரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகி அளவு கூடத்தான் செய்யும். போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கும் வீடுகளும் இதைக் கவனிக்கவும்.

பென்னாகரம் பரிசல் | 7:20
டீக்கடைச் சண்டைக்கு வருகிறேன். அடிக்கல் 2008 பிப்ரவரி, முதல்வர் கருணாநிதி. அந்த ஏப்ரலில் கர்நாடகத் தேர்தல் சூட்டில் எதிர்ப்பு கிளம்பி, தேர்தல் முடியட்டும் என்று திட்டம் தள்ளிப்போனது. 2013இல் திறந்து வைத்தவர் ஜெயலலிதா. செலவு 1,900 கோடிக்கு மேல், அதில் பெரும்பங்கு ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைக்கா தந்த கடன். இரண்டு பெரியவர்களும் பாதிப் பாதி சரி. மீதிக்கு ஜப்பான்காரனுக்கும் ஒரு கற்பூரம் காட்டுங்கள். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளூரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) தணிப்பு என்று இருக்கிறது, அதை மட்டும் எந்த மேடையிலும் யாரும் பேசுவதில்லை. காவிரித் தண்ணீர் வந்தாச்சு, இனி போர் பற்றி என்ன கவலை?

அரூரான் | 7:26
ண்ணா, வந்தாச்சு என்று யார் சொன்னது? எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் ஆற்றுத் தண்ணீர். மற்ற நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீர். ஒரே குழாய். இன்று வருவது எது என்று குடம் வைக்கும் பெண்களிடம் கேட்டால் ருசி பார்த்துச் சொல்வார்கள், நமக்குத் தெரியாது.

பென்னாகரம் பரிசல் | 7:29
அது உள்ளூர்க் கோளாறு. திட்டத்தைக் குறை சொல்லாதே.

அரூரான் | 7:30
குடிக்கிறவன் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான்.

ஓசூர் ஷிப்ட் | 7:41
நைட் ஷிப்ட் முடித்து வந்து படிக்கிறேன். நீங்கள் கண்ணுக்குத் தெரியாத ஃப்ளூரைடுக்கு அழுகிறீர்கள். அனுமன் வீசிய கங்கை கலந்த அதே தென்பெண்ணை, எங்கள் கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கித்தான் இறங்குகிறது. இதற்கு மலையடிவாரம் அண்ணன் என்ன சொல்வார்?

மலையடிவாரம் | 7:48
அது சாமி குற்றமா, சாக்கடையைத் திருப்பி விட்டவன் குற்றமா? ஆற்றை அம்மா என்று கும்பிட்டவன் அதில் கழிவு விடமாட்டான்.

ஓசூர் ஷிப்ட் | 7:50
கும்பிட்டுக்கொண்டே விடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன் அண்ணா. ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் ஒகேனக்கல் கரைக்குப் போய்ப் பாருங்கள், பழைய துணியும் ஷாம்பு பாக்கெட்டும்தான்.

மலையடிவாரம் | 7:53
அதை மறுக்க முடியாது.

ஓய்வு வாத்தியார் | 8:05
அரூரான், பேசினது போதும். தீர்த்தம், போர், குழாய் மூன்றையும் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் எடுங்கள், கண்ணாடி வேண்டாம், ஃப்ளூரைடு கண்ணாடியோடு வினை புரியும். எதைப் பிடிக்கிறீர்களோ அதே தண்ணீரால் பாட்டிலை இரண்டு மூன்று தடவை அலசுங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களிடமே தனிப் பாட்டில் கேளுங்கள். அம்மாவின் முழங்காலைத் தனியாக எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள், அதற்குத் தீர்த்தமும் காரணமில்லை, மருந்துமில்லை.

மலையடிவாரம் | 8:09
கடைசி வார்த்தையை ஒத்துக்கொள்ள மாட்டேன். சோதனைக்குச் சம்மதம். ஆனால் பாட்டிலில் பெயர் எழுதாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும். ஆய்வகத்துக்காரர் பக்தரோ கருப்புச் சட்டையோ, யாருக்குத் தெரியும்?

ஓய்வு வாத்தியார் | 8:10
நான் முப்பது வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். உங்களிடம் கேட்பேன் என்று நினைக்கவில்லை.

அரூரான் | 8:22
எண் மட்டும்தான், சத்தியம். இப்போதுதான் பாட்டிலில் பிடிக்கக் கேனைத் திறந்தேன். பாதிதான் இருக்கிறது. அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்.